பிரிவு பிரிக்கப் போகும் தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கு,

வணக்கம். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளைப் பிரிவு பிரிக்க உட்காருவீர்கள். முந்தைய ஆண்டு மதிப்பெண்ணை மேலிருந்து கீழாக அடுக்கி, முதல் நாற்பது பேர் ‘ஏ’, அடுத்த நாற்பது பேர் ‘பி’, கடைசியில் மிஞ்சுகிறவர்கள் ‘டி’ என்று கோடு போடும் வழக்கம் பல பள்ளிகளில் இன்னும் இருக்கிறது. இந்த ஆண்டு அந்தக் கோட்டைப் போடாதீர்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். உதவி பெறும் பள்ளி ஒன்றில் கணிதம் எடுத்து ஓய்வு பெற்றவன் நான். ‘ஏ’ பிரிவுக்கும் போயிருக்கிறேன், ‘டி’ பிரிவுக்கும் போயிருக்கிறேன்.

உங்கள் சங்கடம் தெரியாமல் சொல்லவில்லை. ரிசல்ட் வந்த மறுவாரமே மீட்டிங்கில் எழுந்து நின்று தேர்ச்சி விழுக்காட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். ‘மெல்லக் கற்போரை’ ஒரே அறையில் வைத்து, மினிமம் மெட்டீரியலைக் கையில் கொடுத்து, பாஸ் மார்க் வரை தள்ளிவிடலாம் என்பது உங்கள் கணக்கு. மற்றவர்களைச் சென்டத்துக்குத் தயார் செய்ய வேறு அறை. கேட்பதற்கு ஒழுங்கான ஏற்பாடுதான். ஆனால் அந்த அறைக்குள் பிள்ளைகளுக்கு நடுவே என்ன நடக்கிறது என்பது இந்தக் கணக்கில் எங்கேயும் வருவதில்லை.

ஒரு நாள் பத்தாம் வகுப்பு ‘டி’ பிரிவில் காரணிப்படுத்தல் நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் x² + 5x + 6. மூன்றாவது பெஞ்சில் ஒரு பையன் ரஃப் நோட்டில் (x + 2)(x + 3) என்று எழுதிவிட்டான். அவன் தோளுக்கு மேலாகப் பார்த்தேன், விடை சரி. ‘யார் சொல்றீங்க?’ என்று கேட்டதும் உள்ளங்கையால் நோட்டை மூடிக்கொண்டான். பின்னாலிருந்து ஒரு குரல்: ‘டேய் படிப்ஸ், சொல்லேன்டா.’ மாப்பிள்ளை பெஞ்ச் முழுக்கச் சிரிப்பு. பையன் பக்கத்தைத் திருப்பி, தானும் சேர்ந்து சிரித்தான். அதே பையன் சாயங்காலச் சிறப்பு வகுப்பில் நான்கு பிரிவுப் பிள்ளைகளும் கலந்து உட்காரும்போது, கூப்பிடாமலே எழுந்து வந்து சாக்பீஸை வாங்கினான். காலைக்கும் மாலைக்கும் நடுவில் அவனுக்கு மூளை வளர்ந்துவிடவில்லை. சுற்றியிருந்த ஆட்கள்தான் வேறு.

இது என் ஒருவனின் அனுபவம் மட்டும் என்று தள்ளிவிட வேண்டாம். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் பள்ளிகளில் லியோனார்டோ பர்ஸ்டின், ராபர்ட் ஜென்சன் என்ற இரு பொருளியலாளர்கள் ஒரு சோதனை செய்து 2015ல் வெளியிட்டார்கள். கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு இலவசப் பயிற்சி தருகிறோம், வேண்டுமானால் கையெழுத்துப் போடுங்கள் என்று பதினோராம் வகுப்புப் பிள்ளைகளிடம் படிவம் கொடுத்தார்கள். சிலருடைய படிவத்தில், உன் முடிவு வகுப்பில் யாருக்கும் தெரியாது என்றிருந்தது. மற்றவர்களுடையதில், வகுப்பில் இருப்பவர்களுக்குத் தெரியக்கூடும் என்றிருந்தது. சாதாரண வகுப்புகளில், ‘தெரியக்கூடும்’ என்ற அந்த ஒரு வரியாலேயே கையெழுத்துப் போட்டவர்கள் 11 விழுக்காட்டுப் புள்ளி குறைந்துவிட்டார்கள். காசில்லாமல் கிடைக்கும் பயிற்சியை, பக்கத்துப் பெஞ்ச்காரன் என்ன நினைப்பானோ என்று விட்டுவிட்டார்கள்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது இன்னொன்று. சில பாடங்களை, நன்றாகப் படிப்பவர்களுக்கென்று தனியாக நடக்கும் உயர்நிலை வகுப்பிலும் சில பாடங்களைச் சாதாரண வகுப்பிலும் படிக்கும் பிள்ளைகள் அங்கே உண்டு. திறமையில் ஒரே மாதிரியான இந்தப் பிள்ளைகளிடம் படிவம் எந்த அறையில் நீட்டப்பட்டது என்பதைப் பொறுத்து முடிவு மாறியது. மற்றவர்களுக்குத் தெரியும் என்றதும் சாதாரண வகுப்பில் பின்வாங்கினார்கள், உயர்நிலை வகுப்பில் முன்வந்தார்கள். என் மூன்றாவது பெஞ்ச் பையன் கதையேதான்.

பதின்ம வயதில் இந்த ஈர்ப்பு கூடுதல் என்பதும் தெரிந்த விஷயம். மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2005ல் வெளியிட்ட ஆய்வில், மஞ்சள் விளக்கு எரியும்போது வண்டியை நிறுத்துவதா, ஓட்டுவதா என்று முடிவு செய்யும் கணினி விளையாட்டைக் கொடுத்தார்கள். தனியாக ஆடியபோது எல்லா வயதினரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஆடினார்கள். கூட்டாளிகள் பக்கத்தில் நின்றதும் பதின்ம வயதினர் கண்மண் தெரியாமல் ஓட்டினார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் பெரிய மாற்றம் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் நீங்கள் கோடு போட்டுப் பிரிப்பது இந்த வயதுப் பிள்ளைகளைத்தான். அப்புறம் பெற்றோர் வந்து நிற்கும்போது ‘உங்க பையனுக்குச் சேர்க்கை சரியில்லைம்மா’ என்று சொல்கிறோம். அந்தச் சேர்க்கையை வருகைப் பதிவேட்டில் எழுதிக் கொடுத்தவர்கள் யார்?

சரி, எதிர்த்தரப்புக்கும் ஆதாரம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. கென்யாவின் மேற்குப் பகுதியில் 121 தொடக்கப் பள்ளிகளில் டஃப்லோ, டூபா, கிரேமர் என்ற பொருளியலாளர்கள் மூவரும் செய்த ஆய்வு 2011ல் வந்தது. முதல் வகுப்பை மதிப்பெண்ணை வைத்துப் பிரித்த பள்ளிகளில் இரு தரப்புப் பிள்ளைகளும் முன்னேறினார்கள். ஆசிரியர் தன் முன்னால் இருக்கும் பிள்ளையின் அளவுக்கு இறங்கிப் பாடம் நடத்த முடிந்தது என்பது அவர்கள் தரும் விளக்கம். ஆனால் அவை முதல் வகுப்புக் குழந்தைகள். ‘டி’ என்றால் என்ன அர்த்தம் என்று தெரிந்து, அதற்கேற்ப நடந்துகொள்ளும் வயது இல்லை. அங்கே எந்தப் பிரிவுக்கு எந்த ஆசிரியர் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். நம்மிடம் ‘டி’ பிரிவுக்கு யாரை அனுப்புகிறோம்? புதிதாக வந்தவரை, அல்லது காலியிடத்தை. உங்கள் பள்ளியில் அப்படி இல்லை என்றால் சந்தோஷம்.

இதற்காக, எல்லோரையும் கலந்து உட்கார வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்றும் சொல்லமாட்டேன். அமெரிக்க விமானப்படை அகாதமியில் ஸ்காட் காரெலும் உடன் ஆய்வாளர்களும் அப்படிச் செய்து பார்த்தார்கள். படிப்பில் பின்தங்கக்கூடியவர்களை நன்றாகப் படிப்பவர்கள் நிறைந்த அணிகளில் வேண்டுமென்றே சேர்த்தார்கள். முடிவு தலைகீழாக வந்தது: யாரை உயர்த்த நினைத்தார்களோ அவர்களுடைய மதிப்பெண்ணே குறைந்தது. ஒரே அணிக்குள் இவர்கள் தனியாகவும் அவர்கள் தனியாகவும் கூடிக்கொண்டதுதான் காரணம் என்று 2013ல் எழுதினார்கள். நம் வகுப்பில் முதல் பெஞ்ச், கடைசி பெஞ்ச் என்று தானாகப் பிரிவது இதுதான். ஆகவே பதிவேட்டில் கலந்தால் போதாது, பெஞ்சிலும் கலக்க வேண்டும். அதுவும் ஒருவருக்கு ஒருவர் தேவைப்படும் மாதிரி வேலை கொடுத்து.

பிள்ளை பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது நம் மண்ணுக்குப் புதிதும் இல்லை. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை செய்தது அதைத்தான். 1789 முதல் சென்னையில் ஆண் பிள்ளைகள் அநாதை விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தன் ஆசிரியர்கள் அந்த முறைக்கு ஒத்துவராததால், ஜான் ஃப்ரிஸ்கின் என்ற எட்டு வயதுப் பையனை வைத்தே சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க வைத்தார். 1797ல் லண்டனில் இதை அச்சிட்டு வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது பிரிட்டன் முழுக்கப் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் இன்றும் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்றே ஒரு பள்ளி இருக்கிறது. நாமோ இன்று வகுப்பு லீடரிடம் சாக்பீஸைக் கொடுத்து, பேசுகிறவன் பேரை எழுத வைக்கிறோம். ஒற்றன் வேலை.

‘ஏ’ பிரிவுப் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள், உண்மைதான். அவர்களிடம் டெல்லியைப் பற்றிச் சொல்லுங்கள். 2007ல் அங்குள்ள வசதியான தனியார் பள்ளிகள் பல, ஏழைப் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்க வேண்டி வந்தது. கௌதம் ராவ் என்ற பொருளியலாளர் அதை ஆராய்ந்து 2019ல் வெளியிட்டார். வசதியான பிள்ளைகளுக்குக் கணக்கிலும் இந்தியிலும் பாதிப்பு இல்லை, ஆங்கிலத்தில் மட்டும் லேசான சறுக்கல். பிறருக்கு உதவும் குணமும் ஏழைப் பிள்ளைகளோடு பழகும் மனமும் கூடியிருந்தன. கெட்ட வார்த்தையும் கொஞ்சம் கூடியதாம், அதையும் சொல்லிவிடுங்கள்.

பொதுத்தேர்வில் மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் அறிவிப்பதைத் தமிழக அரசு 2017லேயே நிறுத்திவிட்டது. பள்ளிக்கு உள்ளே அந்த ரேங்க் பட்டியலை ‘ஏ’, ‘பி’, ‘சி’, ‘டி’ என்று வருடம் முழுக்கச் சுமக்க வைக்கிறோம்.

செய்வது கடினமில்லை. அதே மதிப்பெண் பட்டியலை எடுங்கள். முதல் பெயர் ‘ஏ’, இரண்டாவது ‘பி’, மூன்றாவது ‘சி’, நான்காவது ‘டி’. ஐந்தாவது மறுபடி ‘டி’, ஆறாவது ‘சி’ என்று திரும்பி வாருங்கள். அரை மணி நேர வேலை. வகுப்பில் நான்கு பேர் கொண்ட குழுவை வகுப்பாசிரியர் அமைக்கட்டும், காலாண்டு, அரையாண்டு முடிந்ததும் மாற்றட்டும். விடைத்தாளை மடித்துக் கொடுக்கச் சொல்லுங்கள், மதிப்பெண்ணைச் சத்தம் போட்டு வாசிக்க வேண்டாம். பின்தங்கிய பாடத்துக்குத் தனி நேரம் தாராளமாக வையுங்கள். கணக்கில் தடுமாறுகிறவர்கள் கணக்குக்கு வரட்டும், ஆங்கிலத்தில் தடுமாறுகிறவர்கள் ஆங்கிலத்துக்கு. அந்த நேரம் முடிந்ததும் அவரவர் வகுப்புக்குத் திரும்பிப் போகட்டும்.

‘டி’ பிரிவு என்று தனியாக வைத்தே ஆக வேண்டும் என்று உங்கள் பள்ளியில் முடிவானால் ஒரே ஒரு வேண்டுகோள். பள்ளியிலேயே சிறந்த கணித ஆசிரியரை அந்த அறைக்கு அனுப்புங்கள். டைம் டேபிளில் முதல் பீரியடைக் கொடுங்கள், கடைசி பீரியட் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு கணித ஆசிரியர்