பைனல் வரை ஓடியவனுக்கு பைனலில் இடம் இல்லையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி உங்கள் பேப்பர் எங்கள் கொழிஞ்சாம்பாறை டீக்கடைக்கு வந்து பத்து நிமிஷத்தில் விளையாட்டுப் பக்கம் மட்டும் தனியாகக் கழன்று யார் கைக்காவது போய்விடும். அதைப் பிடித்துப் பார்த்தால் எந்த ஆட்டக்காரர் எந்த கிளப்புக்கு எத்தனை கோடிக்குப் போனார் என்பதுதான் பாதிப் பக்கம். பைசா வாங்காமல் ஆடியவர்களைப் பற்றியும் கொஞ்சம் எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். இதில் என் சொந்த வயிற்றெரிச்சலும் கலந்திருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பாலக்காடு மாவட்டத்தில் மழை விட்டு வயல் காய்ந்தால் செவன்ஸ் கால்பந்து ஆட்டம் தொடங்கிவிடும். பக்கத்துக்கு ஏழு பேர், சின்ன மைதானம், சுற்றிலும் கட்டையடித்துக் கேலரி, ராத்திரியில் லைட் போட்டு ஆட்டம். நாங்கள் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள்தான், ஆனால் கேலரியில் ஏறி உட்கார்ந்துவிட்டால் கத்துவதெல்லாம் மலையாளத்தில்தான் வரும். என் அக்கா மகன் ஒரு லாரி ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறான். சாயந்திரம் கை கிரீஸைக் கழுவிவிட்டு நேராக மைதானத்துக்குப் போவான். இந்த முறை அவன் டீம் பைனலுக்கு வந்தது. வந்த எல்லா ஆட்டத்திலும் அவன் இருந்தான், செமி பைனலில் கணுக்கால் வீங்கிய பிறகும் இருந்தான். பைனல் அன்றைக்கு வெளியூரிலிருந்து இரண்டு பேரை அந்த ஒரு ஆட்டத்துக்கு மட்டும் பணம் பேசி இறக்கினார்கள். என் மருமகன் பூட்ஸைக் கட்டிக்கொண்டு கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலுக்குக் காவல் இருந்தான். டீம் ஜெயித்தது, கோப்பையோடு எடுத்த போட்டோவில் அவன் ஓரத்தில் நிற்கிறான்.

வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. அப்போதுதான் எப்போதோ படித்த விவியன் வுட்வர்ட் ஞாபகத்துக்கு வந்தார்.

1879இல் லண்டனில் பிறந்தவர். பிழைப்புக்குக் கட்டட பிளான் போடும் ஆர்க்கிடெக்ட். கால்பந்துக்காக ஒரு நாளும் சம்பளம் வாங்கியதில்லை. சம்பளம் வாங்கியவர்களும் அப்போது ஒன்றும் கொழுத்துவிடவில்லை, 1901லிருந்து இங்கிலாந்தில் ஓர் ஆட்டக்காரருக்கு வாரம் நாலு பவுண்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று விதியே இருந்தது. வுட்வர்ட் டாட்டன்ஹாமுக்கு ஆடினார், அந்த கிளப் 1908இல் இங்கிலாந்து கிளப்புகள் மோதும் லீக் போட்டியில் சேர்ந்தபோது அதற்கு முதல் லீக் கோல் போட்டவரே அவர்தான். அடுத்த வருஷம் டாட்டன்ஹாமை விட்டு வந்தவர் அப்புறம் செல்சி கிளப்புக்கு ஆடினார். 1908இல் லண்டனிலும் 1912இல் ஸ்டாக்ஹோமிலும் ஒலிம்பிக் தங்கம் வென்ற பிரிட்டன் அணிக்கு அவர்தான் கேப்டன். இரண்டு முறையும் பைனலில் தோற்றது டென்மார்க், பாவம். சம்பளக்கார ஆட்டக்காரர்களோடு சேர்ந்து இங்கிலாந்து முதல் அணிக்கு 23 ஆட்டம் ஆடி 29 கோல் போட்டிருக்கிறார். அந்தக் கணக்கைத் தாண்ட நாற்பது வருஷத்துக்கு மேல் ஆனது!

சரி, நான் சொல்ல வந்தது கோல் கணக்கு இல்லை. 1915 ஏப்ரல். முதல் உலகப் போர் நடக்கிறது, வுட்வர்ட் பட்டாளத்தில் இருக்கிறார். இங்கிலாந்து கிளப்புகள் தோற்றால் வெளியே என்று மோதும் எஃப்.ஏ. கோப்பையில் செல்சி முதல் முறையாக பைனலுக்கு வந்துவிட்டது, எதிரே ஷெஃபீல்டு யுனைட்டெட், ஆட்டம் மான்செஸ்டரில். செல்சி முன்வரிசையில் பாப் தாம்சன் என்று ஒருவர், ஒரு கண் பார்வை இல்லாமலே ஆடிக்கொண்டிருந்தவர், அவருக்கு முழங்கை மூட்டு விலகி பைனலுக்கு வருவாரா மாட்டாரா என்று இழுபறி. அதனால் வுட்வர்டுக்குப் பட்டாளத்தில் லீவு கிடைத்து அவரும் வந்து சேர்ந்தார். இங்கிலாந்து கேப்டனாக இருந்தவர் மைதானத்தில் நிற்கிறார், யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் தாம்சனால் ஆட முடியும் என்று தெரிந்ததும் வுட்வர்ட் ஒதுங்கிக்கொண்டார். டீமை பைனல் வரை கொண்டுவந்தவன் அவன், அவன் இடத்தில் நான் இறங்க மாட்டேன் என்பதுதான் அவர் கட்சி. தாம்சன் ஆடினார், செல்சி 3-0 என்று தோற்றது. வுட்வர்ட் இறங்கியிருந்தால் ஜெயித்திருக்கும் என்றும் அடித்துச் சொல்ல முடியாது, அவருக்கு அப்போது 35 வயது.

1916 ஜனவரியில் போர்முனையில் குண்டு வெடித்துத் தொடையில் காயம். அதற்கப்புறம் பெரிய ஆட்டம் எதுவும் ஆடவில்லை.

கமிட்டிக்காரர்கள் இதற்கு என்ன சொல்வார்கள் என்று தெரியும். வெளியூர்க்காரன் வந்தால்தான் டிக்கெட் போகும், கேலரி கட்டிய கடன் அடையும் என்பார்கள். அதுவும் பொய்யில்லை. வுட்வர்ட் வசதியான வீட்டுப் பிள்ளை, அவருக்குப் பெருந்தன்மை கட்டுபடியானது என்றும் சொல்லலாம். காசுக்கு வந்து ஆடிய அந்த இரண்டு பையன்கள் மேல் எனக்குத் துளிக் கோபமும் இல்லை, அவர்களுக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். கூப்பிடுவதானால் முதல் ஆட்டத்திலிருந்தே கூப்பிடுங்கள் என்றுதான் சொல்கிறேன். செமி பைனல் வரை ஊர்ப் பையனை ஓட்டிவிட்டு, பைனலுக்கு மட்டும் அவனைக் கோட்டுக்கு வெளியே தள்ளாதீர்கள்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம் இந்தியக் கால்பந்து அணிக்கு கேப்டனாக இருந்த டாலிமெரென் ஆவ் டாக்டருக்குப் படித்தவர், ஆட்டம் முடிந்ததும் நாகா மலைப் பக்கம் திரும்பிப் போய் வைத்தியம் பார்த்தவர். அந்த அணியில் பெரும்பாலானவர்கள் பிரான்ஸுக்கு எதிராக பூட்ஸ் போடாமலே ஆடி 2-1 என்றுதான் தோற்றார்கள். வுட்வர்ட், ஆவ் மாதிரி ஆட்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் வாரம் ஒரு கால் பக்கமாவது போடுங்கள். அந்தப் பக்கத்தை வெட்டி கமிட்டி ஆபீஸ் சுவரில் நானே ஒட்டிவிட்டு வருகிறேன், பசை என் செலவு.

மருமகன் கணுக்கால் வீக்கம் வற்றிவிட்டது, திரும்பவும் மைதானத்துக்குப் போக ஆரம்பித்துவிட்டான். நான்தான் இன்னும் கேலரிப் பக்கம் போகவில்லை.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகன்