இரத்தக் கவுண்டைப் பாத்து வீட்டிலயே தீர்ப்பு எழுதாதேங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

தெல்லிப்பழைக்கோ மகரகமவுக்கோ கான்சருக்குக் காட்டுற ஆக்களின்ர வீடுகளில இப்ப ஒரு புதுப் பழக்கம், எஃப்.பி.சி (இரத்த அணுக்களை எண்ணுற சோதனை) துண்டு கைக்கு வந்த உடன போனை எடுத்து நியூட்ரோபிலை லிம்போசைட்டால (ரெண்டும் வெள்ளை அணு வகையள்) பிரிச்சுப் பாக்கினம், 4க்கு மேல வந்திட்டுதெண்டா டொக்டரைக் காண முதலே கனடாவில இருக்கிற சொந்தத்துக்கு வாட்ஸ்அப்பில படம் போயிடும், "இனிச் சரிவராதாம்" எண்டு கதையும் கட்டியாச்சு.

அந்தக் கணக்கு பொய்யெண்டு நான் சொல்லேல்லை. 2014ல 100 ஆய்வுகளை, 40,000க்கு மேல நோயாளரை ஒண்டாச் சேர்த்துப் பாத்தவை, விகிதம் 4க்கு மேல இருந்தவை பொதுவாக் குறைஞ்ச காலம்தான் இருந்திருக்கினம். கட்டி உடம்பில அழற்சியைக் கிளப்ப நியூட்ரோபில் கூடும், கட்டியோட சண்டை பிடிக்கிற லிம்போசைட் குறையும். ஆனா சலத்தில கிருமி எண்டாலும் அதே விகிதம் ஏறும், கீமோவோட குடுக்கிற டெக்சாமெதசோன் எண்ட ஸ்டீரொய்ட் மருந்தாலயும் ஏறும், அப்ப ஒருநாள் துண்டை வைச்சு உங்கட அம்மாவுக்கு எப்பிடி நாள் குறிப்பியள்?

இரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட் அணுவின்ர கதை இன்னும் மோசம். மாரிக்கு மாரி டெங்கு வந்து, பிளேட்லெட் கூடக்கூட நல்லது எண்டு சனத்துக்கு மனசில பதிஞ்சிட்டுது. கான்சரில, கீமோ தொடங்க முதல் அது 350,000 அல்லது கூட இருந்தா இரத்தக்கட்டி வாற ஆபத்துக் கணக்கில ஒரு புள்ளி கூட்டுவினம், சிறுநீரகக் கான்சர் முத்தினவைக்கு பிளேட்லெட் அளவுக்கு மிஞ்சினாக் கூடாத குறியெண்டுதான் எடுப்பினம். இதொண்டும் தெரியாம பப்பாசி இலையை இடிச்சுச் சாறு பருக்கிப்போட்டு, 400,000 வந்திட்டுதெண்டு ஒரு வீட்டில சந்தோசப்பட்டதைக் கண்டு எனக்கு வயித்தைக் கலக்கிப் போட்டுது.

உண்மையா ஓடவேண்டிய நேரத்திலதான் எங்கட ஆக்கள் நிண்டு யோசிக்கிறது, அதுதான் ஆத்திரம். கீமோ ஏத்தி ஒண்டு ரெண்டு கிழமைக்குள்ள நியூட்ரோபில் நல்லா விழும், 500க்குக் கீழ போனா சின்னக் கிருமியே ஆளைக் கொண்டுபோயிடும், அந்த நேரம் காய்ச்சல் 38 பாகைக்கு வந்தா பனடோலைக் குடுத்து விடியட்டும் எண்டு இருக்காதேங்கோ, நடுச்சாமம் எண்டாலும் ஓட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ, கீமோ ஏத்தினது எண்டதை வாசலிலயே சொல்லுங்கோ.

கிளினிக் டொக்டர்மாரிட்ட ஒரு வேண்டுகோள், சனநெரிசல் விளங்குது, ஆனாலும் கொப்பியில கவுண்ட் எழுதேக்க போனமுறையை விடக் கூடினதோ குறைஞ்சதோ, ஏன் எண்டு தமிழில ஒரு வரி எழுதிவிடுங்கோ. நீங்களும் ஐயா, அந்தக் காய்ச்சல் விசயத்தை எண்டாலும் பெட்டி கட்டிப் போடுங்கோ.

வாசகி,
கோண்டாவில்