கீரை ஆயும் கை

அன்புள்ள அம்மு,

இந்தப் பெட்டியை உன் தம்பியிடம் கொடுத்து அனுப்புகிறேன். மேலே இருக்கும் முருங்கைக்கீரையை முதலில் எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடு. கடிதத்தை அப்புறம் நிதானமாகப் படிக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். உன் பாலர் பள்ளி வகுப்புக்காக இரவு ஒரு மணி வரை உட்கார்ந்து காகிதத்தில் இருபது முயல் வெட்டியிருக்கிறாய். மறுநாள் பிள்ளைகள் ஐந்தே நிமிடத்தில் பஞ்சை ஒட்டி முடித்துவிட்டு வகுப்பைச் சுற்றி ஓட ஆரம்பித்துவிட்டார்கள். போதாததற்கு ஓர் அம்மா, "பயிற்சித்தாள் ஒன்றும் வீட்டுக்கு வருவதில்லையே, தமிழ் வகுப்பில் விளையாட்டு மட்டும்தானா?" என்று கேட்டிருக்கிறார். நீ சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். ஆனால் தட்டைக் கழுவும்போது உன் முகத்தைப் பார்த்தேன். அங்கேயே பேசியிருக்கலாம். மாப்பிள்ளையும் தம்பியும் இருந்தார்கள், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. இருபத்தாறு வருஷம் இதே வேலையைப் பார்த்துவிட்டு, நின்றபடி இரண்டு வரியில் சொல்ல எனக்கும் வரவில்லை.

முதலில் அந்த முயல். அதை வெட்டியது நீ. காது எங்கே, வால் எங்கே என்று புள்ளி வைத்ததும் நீ. பிள்ளைகளுக்கு மிஞ்சியது பசை தடவும் வேலைதான். ஐந்து வயதுக் கைக்கு அது ஐந்து நிமிட வேலை, முடிந்ததும் ஓடத்தான் செய்யும். அறிவிப்புப் பலகையில் ஒரே மாதிரி இருபது முயல் வரிசையாக நின்றால் பார்க்க அழகுதான். நானும் பல வருஷம் அப்படி ஒட்டி வைத்திருக்கிறேன். ஆனால் அது டீச்சருடைய கைவேலை, அம்மு. பிள்ளையின் கையை அதில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது ஒரு கட்டு முருங்கைக்கீரை. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தேக்கா சந்தைக்குப் போய்விட்டு நேராகப் பள்ளிக்கு வந்திருந்தேன். கீரை மேசைக்கு அடியில் பையில் இருந்தது. ஒரு பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், பையில ஏன் மரம் இருக்கு?" என்றான். அன்றைக்குச் செய்ய வேண்டிய படஅட்டைகளை ஓரமாக வைத்துவிட்டுத் தரையில் தமிழ் முரசு நாளிதழை விரித்தேன். கீரையை நடுவில் போட்டு ஏழு பேரைச் சுற்றி உட்கார வைத்தேன்.

முதலில் ஒவ்வோர் இலையாகக் கிள்ளினார்கள். கிள்ளிய இலையை ஒருவன் முகர்ந்து பார்த்தான், உடனே மற்ற ஆறு பேரும் முகர்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண்பிள்ளை ஈர்க்கை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து இழுத்தாள். இலை மொத்தமும் அவள் உள்ளங்கையில் வந்து விழுந்தது. அவளே திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். "உருவிட்டே!" என்றேன். அவ்வளவுதான், அந்தச் சொல் வட்டத்தைச் சுற்றி ஓடியது. "நான் உருவுறேன், டீச்சர் நானும் உருவுறேன்" என்று ஏழு பேரும். பழுப்பு இலை கிடைத்த பையன், இதற்குக் காய்ச்சலா என்று கேட்டான். இலை ஒரு குவியல், காம்பு ஒரு குவியல், பழுப்பு ஒரு குவியல் என்று அவர்களாகவே பிரித்தார்கள். பிரிக்கச் சொல்லி நான் சொல்லவே இல்லை. முக்கால் மணி நேரம் யாரும் இடத்தைவிட்டு எழவில்லை.

அடுத்த வாரம் ஒரு தாயார் வந்து சொன்னார். பாட்டி தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பிள்ளை, சனிக்கிழமை பாட்டி பக்கத்தில் போய் உட்கார்ந்து, "பாட்டி, நானும் கீரை ஆயட்டுமா?" என்று கேட்டதாம். ஆய்வு, ஆராய்ச்சி எல்லாம் இந்த 'ஆய்' என்ற சொல்லிலிருந்து வருபவைதான். கீரைக்கும் ஆராய்ச்சிக்கும் நம் மொழி ஒரே வேரை வைத்திருப்பது அன்றைக்கு எனக்கு உடம்பில் உறைத்தது.

நீ நடத்துவது தமிழ் வகுப்பு. உன் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள் என்று சொன்னாய். அதனால்தான் கைவேலை உனக்கு மற்றவர்களைவிட அதிகம் தேவை. கை செய்யும் காரியங்களுக்கு நம்மிடம் எத்தனை சொற்கள் இருக்கின்றன, பார்: கிள்ளு, பிசை, பிழி, உருட்டு, உரி, கோர், முறுக்கு, அள்ளு, பொறுக்கு, சலி, நசுக்கு, தேய். இவற்றை அட்டையில் படமாகக் காட்டினால் வெள்ளிக்கிழமைக்குள் மறந்துவிடுவார்கள். கை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துகொண்டிருக்கும் அந்த நொடியில் 'பிழி' என்று காதில் விழுந்தால் நிற்கும். சொல்லை முன்னால் கொடுத்துவிடாதே. கை தொடங்கட்டும், சொல் பின்னால் வரட்டும்.

இன்னொன்று, அப்போது கேள்வி கேட்காதே. இது என்ன நிறம், எத்தனை இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருக்கும் பழக்கம் நம் எல்லாருக்கும் உண்டு. பிள்ளை மாவை உருட்டுவதை நிறுத்திவிட்டு நமக்குப் பதில் சொல்லும், அதோடு வேலை அறுந்துபோகும். பார்த்ததைச் சொன்னால் போதும். "நீ உருட்ட உருட்ட நீளமாகுதே" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள். மீதியைப் பிள்ளை பேசும்.

மாவு என்றதும் நினைவு வருகிறது, கடையில் வாங்காதே. இரண்டு கப் கோதுமை மாவு, ஒரு கப் உப்பு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு கப் வரைக்கும், ஒரு கரண்டி எண்ணெய். கலக்குவதையும் அவர்களிடமே விடு. பிசுபிசுவென்று ஒட்டுவது எப்போது ஒட்டாமல் போகிறது என்று அவர்கள் விரலால் கண்டுபிடிப்பதுதான் அங்கே பாடம். மஞ்சள்தூள் போட்டால் நிறமும் வரும், வாசமும் வரும். உப்பு அதிகம், அதனால் வாயில் போடும் பிள்ளை பக்கத்தில் நீ இரு. கோதுமை ஒவ்வாத பிள்ளை இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்.

அரிசியைத் தட்டில் கொட்டி விளையாடக் கொடுக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை, நான் செய்ததும் இல்லை. விஜயதசமி அன்று அரிசியைப் பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து 'அ' எழுத வைப்போமே, அரிசிக்கு அந்த ஓர் இடம் போதும். மற்ற நாளுக்கு மணல் இருக்கிறது. மரியா மாண்டிசோரி 1907-இல் ரோமில் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளியில் உப்புத்தாளில் எழுத்தை வெட்டி ஒட்டி, விரலால் தடவ வைத்தார். 1939-இல் அவரே சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர் முடியும்வரை ஐரோப்பாவுக்குத் திரும்ப முடியாமல் கொடைக்கானலிலும் இருந்தார். பயிற்சியில் இதைப் படித்தபோது எனக்கு உன் கொள்ளுப்பாட்டி ஞாபகம்தான் வந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்துத் திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதிப் படித்தவர் அவர். 'ழ'வைக் காகிதத்தில் எழுதத் திணறும் பிள்ளை, மணலில் முழங்கையிலிருந்து கையை வீசி எழுதிவிடும். தப்பானால் ஒரு தட்டு தட்டினால் அழிந்துவிடும். ரப்பர் வேண்டாம், சிவப்பு மையும் வேண்டாம். பெட்டியில் அடியில் இருக்கும் உப்புத்தாள் எழுத்துகள் நான் வெட்டியவை. 247 எழுத்தையும் வெட்டப் போகாதே, உயிரெழுத்து பன்னிரண்டும் பிள்ளைகளின் பெயரில் வரும் எழுத்துகளும் போதும்.

பல்லாங்குழியையும் வைத்திருக்கிறேன், பாட்டியுடையது, பத்திரம். பதினான்கு குழி, குழிக்கு ஐந்து, மொத்தம் எழுபது மஞ்சாடி விதை. மலாய்க்காரர்களின் சொங்காக் இதற்கு உடன்பிறப்பு மாதிரி. பக்கத்து வகுப்பு மலாய் ஆசிரியரிடம் கேட்டு இரண்டையும் ஒரே நாளில் வைத்துப் பார், பிள்ளைகள் தாங்களே ஒற்றுமையைக் கண்டுபிடித்துக் கத்துவார்கள். ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போகும் அந்த விரலுக்கு ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கு தானாக வந்துவிடும். 'ஏழு' என்று வாயால் சொல்வது வேறு, ஏழு விதையைக் குழிக்கு ஒன்றாக விட்டுக் கை காலியாவதைப் பார்ப்பது வேறு.

விதை விஷயத்தில் கவனம். மஞ்சாடி முழுச் சிவப்பு, பூங்காவில் மரத்தடியில் நம்மூர்ப் பிள்ளைகள் பொறுக்குவது அதைத்தான். ஒரு முனையில் கறுப்பு இருந்தால் அது குன்றிமணி, கடித்தால் கடும் விஷம், வகுப்புக்குள்ளேயே வரக் கூடாது. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் பக்கத்தில் சின்ன விதை எதுவுமே வேண்டாம். கழிவறைத் தாளின் நடுக்குழாய்க்குள் நுழையும் பொருள் எதுவும் அவர்களுக்கு ஆகாது என்று வைத்துக்கொள். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மூன்றாவது வருஷம், பச்சைப்பயறு முளைகட்டும் பாடம், நான்கு வயதுப் பையன் ஒருவன் பயற்றை மூக்கில் போட்டுக்கொண்டான். ஈரத்தில் அது ஊறிப் பெருக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால் கை நடுங்கியது. நல்லவேளையாக விரலைவிட்டு நோண்டவில்லை. அவன் அம்மாவை வரச்சொல்லி, இருவருமாகக் கிளினிக்குக்குக் கொண்டுபோனோம், மருத்துவர் எடுத்துவிட்டார். அன்று இரவு நான் சாப்பிடவில்லை. ஆனால் பயறு பாடத்தை நிறுத்தவில்லை. பன்னிரண்டு பேராகச் செய்ததை ஆறு ஆறு பேராகப் பிரித்தேன், விதையை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கினேன். நீயும் அப்படியே செய். ஈரப் பஞ்சில் இரண்டே நாளில் வேர் தலைகாட்டும், அந்தக் காலையில் அவர்கள் கண்ணாடிக் கோப்பைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துப் படுத்துக்கொள்வதை நீ பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கிளம்புமுன் தட்டுகளில் தேங்கிய தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்துவிடு. ஏடிஸ் கொசுவுக்கு நம்மூர் வெயிலில் ஒரு வாரமே போதும்.

தண்ணீர் வாளி ஒன்று வைத்தால் மிதப்பது, மூழ்குவது எல்லாம் அதிலேயே முடியும். ஆரஞ்சுப் பழம் தோலோடு மிதக்கும், தோலை உரித்தால் மூழ்கும். ஒரு பையன் அதைப் பார்த்துவிட்டு, "டீச்சர், அதோட லைஃப் ஜாக்கெட்டைக் கழட்டிட்டீங்க" என்றான். தோலில் காற்று இருக்கிறது என்று நான் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு சரியாக வந்திருக்காது. முதல் நாள் இரவு வீட்டில் ஒரு தடவை செய்து பார்த்துவிட்டே வகுப்புக்குக் கொண்டுபோ.

இனி அந்த அம்மா. அவர்மேல் வருத்தப்படாதே. பிள்ளை தொடக்கநிலை 1-க்கு, அதாவது ஒன்றாம் வகுப்புக்கு, போய்த் தடுமாறுமோ என்ற பயம் அவருக்கு. நான் வேலைக்குச் சேர்ந்தபோது நாங்களே கட்டுக்கட்டாகப் பயிற்சித்தாள் கொடுத்தவர்கள்தான். சிங்கப்பூர்க் கல்வி அமைச்சு பாலர் பள்ளிகளுக்கான பாடத்திட்ட வழிகாட்டியை முதலில் 2003-இல் வெளியிட்டது. அப்புறம் 2012-இலும் 2022-இலும் புதுப்பித்தது. விளையாட்டின் வழியாகக் கற்பது என்பது அதில் நடுநாயகமாக இருக்கிறது. 2019 முதல் தொடக்கநிலை 1, 2 பிள்ளைகளுக்கு மதிப்பெண் தேர்வே இல்லை. ஆனால் இதையெல்லாம் அவரிடம் வாதமாக வைக்காதே. ஆண்டையும் விதியையும் கேட்டு எந்தத் தாய்க்கும் மனம் ஆறியதில்லை.

அதற்குப் பதில் ஒரு நாள் பதினைந்து நிமிடம் வகுப்பில் வந்து உட்காரச் சொல். அவருடைய பிள்ளை மாவைக் கிள்ளும்போது பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்வதைக் காட்டு, பென்சில் பிடிக்கப்போவது அதே இரண்டு விரல்தான் என்று சொல். பிள்ளை அன்று பேசிய ஒரு வாக்கியத்தை, ஒரே ஒரு வாக்கியத்தை, அப்படியே ஒரு தாளில் எழுதித் தேதி போட்டுக் கையில் கொடுத்தனுப்பு. வீட்டுக்குத் தாள் வர வேண்டும் என்பதுதானே அவர் கேட்டது. நான் அப்படிக் கொடுத்த தாள்களைப் பிள்ளை உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிறகும் பத்திரமாக வைத்திருந்த வீடுகள் உண்டு.

மேலதிகாரி சத்தத்தைப் பற்றிக் கேட்டால், கைவேலை நேரத்தில் வகுப்பில் சத்தம் இருக்கும் என்று பணிவாகச் சொல். வேலை செய்யும் சத்தமும் அடங்காத சத்தமும் வேறு வேறு, நின்று கேட்டால் அவருக்கே தெரியும். துடைப்பம், ஈரத்துணி, சின்ன வாளி மூன்றும் பிள்ளைகளுக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். துடைப்பதையும் அவர்களே செய்வார்கள், அதிலும் பிழி, முறுக்கு, தேய் எல்லாம் வரும்.

முயல் இனி வெட்டாதே. பத்து மணிக்குப் படுத்துத் தூங்கு. காலையில் களைத்துப்போன டீச்சருக்குப் பிள்ளையின் கை கண்ணில் படாது.

கீரையை வியாழக்கிழமைக்குள் வகுப்புக்கு எடுத்துக்கொண்டு போய்விடு, அதற்குமேல் வாடிவிடும். ஆய்ந்த கீரையைச் சின்னப் பொட்டலமாகக் கட்டி ஒவ்வொருவர் பையிலும் வைத்து அனுப்பு, வீட்டில் பொரியல் செய்யட்டும். பெட்டியில் மஞ்சாடியை எண்ணிப் பார்த்தேன், அறுபத்தெட்டுதான் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பக்கத்துப் பூங்காவில் அந்த மரம் இருக்கிறதா என்று பார். இருந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு விதை பொறுக்கி வரச் சொல்.

அன்புடன்,
அம்மா