லோபு துவாவில் தமிழ்க் கல்வெட்டின் நகலை நிறுவக் கோரும் மனு

பெறுநர்:
சுற்றுலா, பண்பாட்டுத் துறைத் தலைவர் அவர்கள்,
வடக்கு சுமத்ரா மாகாண அரசு,
மேடான், இந்தோனேசியா.

அனுப்புநர்:
தஞ்சாவூரிலிருந்து உங்கள் மாகாணத்துக்கு வந்து போன பயணி ஒருவரும், உடன் கையெழுத்திடுவோரும்.

பொருள்: பாருஸ் வட்டாரத்தில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டின் முழு அளவு நகலை அது கிடைத்த இடத்திலேயே நிறுத்தி வைக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

இந்த மனுவின் இந்தோனேசிய மொழிபெயர்ப்பு உங்களுக்குத் தனியாக வருகிறது. தமிழிலும் எழுதுவதற்குக் காரணம், கூடவே கையெழுத்துப் போடுகிறவர்கள் எதற்குப் போடுகிறோம் என்று தெரிந்து போட வேண்டும்.

கேட்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாருஸ் பக்கத்து லோபு துவாவில் 1873இல் கண்டெடுத்த தமிழ்க் கல்வெட்டு இப்போது ஜகார்த்தா தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அசல் அங்கேயே பத்திரமாக இருக்கட்டும், அதைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லவில்லை. அதே அளவில் ஒரு நகல் செய்து, அந்த மண்ணிலேயே நிறுத்தி, பக்கத்தில் இந்தோனேசிய மொழியிலும் பாத்தாக் மொழியிலும் தமிழிலும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு பலகை வையுங்கள். அவ்வளவுதான்.

நானும் அம்மாவும் மேடானில் இறங்கி, பெராஸ்தகி போய், அங்கிருந்து தோபா ஏரி, அப்புறம் சிபோல்கா வழியாக பாருஸ் வரை போனோம். உங்கள் ஊர் மலைகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெராஸ்தகியில் காலையில் எழுந்து சினாபுங் எரிமலையைப் பார்த்தபோது, சுமார் 400 வருஷம் சும்மா கிடந்த மலை 2010இல் விழித்து, 2013க்குப் பிறகு வருஷக்கணக்கில் குமுறி, காரோ மக்களின் எத்தனையோ கிராமங்களை ஊரோடு பெயர வைத்தது என்பதை நம்பவே கஷ்டமாக இருந்தது, அத்தனை பச்சை, அத்தனை முட்டைக்கோஸ் தோட்டம். தோபாவில் அதற்கும் மேல். 74,000 ஆண்டுகளுக்கு முன்பு வெடித்து, அடியில் இருந்த பாறைக்குழம்பெல்லாம் வெளியேறி, தாங்க ஆளில்லாத கூரை மாதிரி நிலம் உள்வாங்கி, அந்தப் பள்ளம்தான் 100 கிலோமீட்டர் நீள ஏரியாகக் கிடக்கிறது. நடுவில் இருக்கும் சமோசிர் தீவு ஒரு காலத்தில் ஏரியின் அடித்தரை, கீழிருந்து குழம்பு மறுபடி தள்ளியதில் மேலே வந்தது என்று கேட்டதும் அம்மா படகுத்துறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்த வெடிப்பின் சாம்பல் எங்கள் பக்கத்து ஆந்திராவில் ஜ்வாலாபுரத்தில் மண்ணுக்கடியில் அடுக்காக இருக்கிறது. உங்கள் மலை எங்கள் மண்ணில் இருக்கிறது, ஐயா. எங்கள் எழுத்து உங்கள் மண்ணில் இருந்தது.

தோபாவுக்கு 2020இல் யுனெஸ்கோ புவிப்பூங்கா என்ற பெயர் கிடைத்தது, நல்ல சாலை, படகு, விடுதி எல்லாம் இருக்கின்றன. ஆனால் வருகிறவர்கள் பெரும்பாலும் அங்கேயே திரும்பிவிடுகிறார்கள். மேற்குக் கடற்கரையில் இருக்கிற பாருஸ் வரை வருகிறவர்கள் குறைவு, வந்தாலும் மக்லிகாய், பாப்பான் திங்கி என்ற பழைய இஸ்லாமியக் கல்லறைகளைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அதுவும் பார்க்க வேண்டிய இடம்தான், பாப்பான் திங்கியின் படிகளை ஏறி முடித்துக் கடலைப் பார்த்த நிமிஷத்தை நான் மறக்க மாட்டேன். 2017இல் உங்கள் அப்போதைய குடியரசுத் தலைவரே வந்து, நுசாந்தாராவில், அதாவது உங்கள் தீவுக்கூட்டத்தில், இஸ்லாம் தொடங்கியதைக் குறிக்கும் நினைவுச்சின்னத்தை அந்த ஊரில் திறந்துவைத்தார். ஆனால் லோபு துவாவில் நாங்கள் விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது தோட்டமும் தென்னையும்தான். தமிழில் ஒரு வரிகூட எங்கள் கண்ணில் படவில்லை.

அந்தக் கல் சொல்வது சாதாரண விஷயம் இல்லை. சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088, மாசி மாதம். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகர் கூட்டம் வாரோசில், அதாவது உங்கள் பாருஸில், கூடி முடிவெடுக்கிறது: கப்பலில் வருகிற மரக்கல நாயனும், அதாவது கப்பல் தலைவனும், மற்றவர்களும் கஸ்தூரி விலையை ஒட்டிப் பொன்னாகத் தீர்வை கட்டிவிட்டுத்தான் விரித்த பாவாடையில் கால் வைக்க வேண்டும். பாவாடை என்றால் நடந்து வர விரிக்கும் துணி. இதைப் படித்ததிலிருந்து எனக்கு அந்தத் துணிதான் கண்ணுக்குள் நிற்கிறது. யார் நெய்த துணியோ, அதற்கு இந்தப் பக்கம் கப்பல்காரன் காசு எண்ணிக்கொண்டு நின்றிருப்பான். வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி 1932இல் இதைப் படித்து வெளியிட்டார், பிறகு கல்வெட்டறிஞர் எ. சுப்பராயலு மறுபடி திருத்தமாகப் படித்தார். 1990களில் பிரெஞ்சு, இந்தோனேசிய ஆய்வாளர்கள் சேர்ந்து தோண்டியதில், 9ஆம் நூற்றாண்டிலிருந்து 11ஆம் நூற்றாண்டு வரை அங்கே பெரிய துறைமுகக் குடியிருப்பு இருந்தது தெரிந்தது. எல்லாம் கற்பூரத்துக்காக. உள்நாட்டுக் காட்டில் மரத்தைத் தேடிப் பிளந்து கற்பூரம் எடுத்துக் கொடுத்த மக்கள் இல்லாமல் அந்த வணிகரே வந்திருக்க மாட்டார்கள், அதையும் பலகையில் எழுதுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். இதைச் சோழன் ஆண்ட இடம் என்று எங்கள் ஊரில் சிலர் பேசுவார்கள், அப்படி எழுதிவிடாதீர்கள். இது ராஜாவின் கல் இல்லை, வியாபாரிகளின் கல். ராஜா வெட்டுவித்த வாசகம் வேண்டுமென்றால் அது எங்கள் பெரிய கோயில் சுவரில் இருக்கிறது. ராஜேந்திரன் 1025இல் படை அனுப்பிய ஊர்களின் வரிசையில் "துறைநீர்ப் பண்ணையும்" என்று வருகிறதே, அந்தப் பண்ணை உங்கள் பானை ஆற்றுப் பக்கம்தான் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். பாடாங் லாவாஸில் போர்திபி அருகே பகால் செங்கல் கோயில்கள் அந்தப் பண்ணை அரசோடு சேர்த்துச் சொல்லப்படுகின்றன. அங்கேயும் அந்த ஒரு வரியை வைத்தால் நல்லது, ஆனால் அது அடுத்த மனு.

இடம் தேர்ந்தெடுக்கும்போது அங்கே பயிர் செய்கிறவர்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள். வேலி போட்டு அவர்களை வெளியே நிறுத்துகிற மாதிரி வேண்டாம். கல்லைக் காட்டி விளக்கிச் சொல்கிற வேலை அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே கிடைக்கட்டும், தோபாவிலிருந்து பாருஸ் வரை சாலையோரம் வழிகாட்டிப் பலகைகளும் வையுங்கள்.

தமிழ்ப் பகுதியைப் பிழையில்லாமல் எழுதிக் கொடுக்கவும், கல்லில் வெட்டுவதற்கு முன் எழுத்து எழுத்தாகச் சரிபார்த்துத் தரவும் நாங்கள் தயார். அதற்குப் பணம் எதுவும் வேண்டாம். எந்த மாதத்துக்குள் முடிவு சொல்வீர்கள் என்று மட்டும் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
தஞ்சாவூர்ப் பயணியும்
கீழே கையெழுத்திடுவோரும்