நீச்சல்குள நீர்ச் சுத்திகரிப்புத் திருப்பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

குளம் திறந்துவிட்டது. எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வேலை முடிந்த பிறகும் பதினான்கு நாள், காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் தண்ணீரைக் கையால் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறந்தோம். ஒரு பம்ப் அறை வேலைக்குத் 'திருப்பணி' என்ற பெரிய சொல் தேவையா என்று குழுவிலேயே ஒருவர் கேட்டார். அறைக்குள் இருந்ததைப் பார்த்த பிறகு, சரி, இருக்கட்டும் என்று அவரே விட்டுவிட்டார்.

உங்கள் புகார்கள் மூன்று: கண் எரிகிறது, குளோரின் நாற்றம் தாங்கவில்லை, ஆழமான பக்கத்தில் அடித்தரைக் கோடு தெரியவில்லை. மூன்றையும் கேட்டால் யாருக்கும் தோன்றுவது, மருந்தை அள்ளிப் போடுகிறார்கள் என்பதுதான். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. தண்ணீரை அளந்து மருந்தைத் தானாகச் செலுத்தும் கன்ட்ரோலரைப் போய்ப் பார்த்தால் திரையில் பிஎச் (தண்ணீரின் அமில-காரத் தன்மையைச் சொல்லும் எண்) 7.4 என்று அழகாக நிற்கிறது. பிஎச் 7.2-க்கும் 7.8-க்கும் இடையே இருந்தால் போதும் என்பது எல்லோரும் அறிந்த அளவு. இயந்திரம் சரியாகத்தானே ஓடுகிறது என்று இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டோம். அந்த இரண்டு மாதத்துக்கு நாங்கள்தான் பொறுப்பு.

அப்புறம் ஒருநாள் குளத்து நீரைக் கையில் எடுத்துத் தனியாக ஒரு மீட்டரில் அளந்தோம். பிஎச் 8.2. குளோரினையும் அளந்தோம். கிருமி கொல்லும் நிலையில் இருக்கும் தனிக் குளோரின் 0.8 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு), மொத்தக் குளோரின் 1.9. வித்தியாசமான 1.1 பிபிஎம், வியர்வையோடும் சிறுநீரோடும் கூடிக் குளோராமைனாகிப்போன குளோரின். மூக்கில் ஏறும் அந்த நாற்றம் இதனுடையது. அதாவது நாற்றம் வந்தது குளோரின் கூடியதால் அல்ல, வேலை செய்யும் குளோரின் குறைந்துபோனதால். பிஎச் ஏறினால் இருக்கிற குளோரினும் சோம்பிப்போகும். ஸ்டெபிலைசர் (அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம்) கலக்காத தண்ணீரில் பிஎச் 7.4 என்றால் பாதிக்குச் சற்று மேல் வீரியமான ஹைப்போகுளோரஸ் அமிலமாக இருக்கும், 8.2 என்றால் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான்.

அப்படியானால் இயந்திரம் ஏன் 7.4 காட்டியது? தண்ணீரில் நின்று பிஎச்சை உணரும் ப்ரோபைக் கழற்றி, 7 பஃபர் கரைசலில், அதாவது பிஎச் சரியாக 7 என்று தெரிந்த கரைசலில் முக்கினோம். 7.0 காட்டியது. அலசி, 4 பஃபரில் முக்கினோம். எண் இறங்க ஆரம்பித்தது, மெதுவாக, 6.5, 6.2, 6.0... 5.9-ல் நின்றுவிட்டது. ஐந்து நிமிடம் காத்திருந்தும் அசையவில்லை. நல்ல ப்ரோப் ஒரு பிஎச் அலகுக்கு 59 மில்லிவோல்ட் அளவில் மாற வேண்டும். இது 22 மில்லிவோல்ட்தான் மாறியது. கண்ணாடிக் குமிழ் கிழடுதட்டிவிட்டால் எதில் முக்கினாலும் எண் 7-ஐ நோக்கியே சாயும். தண்ணீர் 8.2-ல் இருந்தபோது இது 7.4 என்று சொன்னதற்குக் கணக்கும் சரியாகவே வருகிறது.

மாதாமாதம் கேலிபரேஷன் (ப்ரோபின் அளவைச் சரிபார்த்துத் திருத்துவது) செய்ததாகப் பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறதே என்று கேட்பீர்கள். செய்திருக்கிறார்கள், ஆனால் 7 பஃபரில் மட்டும். செத்த ப்ரோபுகூட 7 பஃபரில் 7 காட்டும். இரண்டாவது பஃபரில் முக்கினால்தான் குட்டு வெளிப்படும். இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் இந்தத் திருப்பணியில் பாதி தேவைப்பட்டிருக்காது.

ப்ரோபோடு கதை முடிந்திருந்தால் ஒரே நாளில் புதியது மாட்டிவிட்டுப் போயிருப்போம். ஹைப்போ என்ற திரவக் குளோரின் மருந்தைச் செலுத்தும் டோசிங் பம்பைத் திறந்தபோது அடுத்தது கிடைத்தது. இது ரோலர் சுழன்று ரப்பர் டியூபைப் பிசைந்து தள்ளும் வகை. டியூப் தட்டையாகிப் பழைய செருப்பு வார் மாதிரி கிடந்தது. உறிஞ்சு குழாயை அளவுக் குவளையில் விட்டு ஒரு நிமிடம் ஓடவிட்டோம். 50 மில்லி இழுக்க வேண்டியது 18 மில்லிதான் இழுத்தது. குழாய்க்குள் மருந்து நுழையும் இன்ஜெக்டரின் வாயில் வெள்ளையாகச் சுண்ணாம்பு அடைத்திருந்தது. ஹைப்போ கடும் காரம். அது சேரும் இடத்தில் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு படிவது இயல்பு, அதனால் அவ்வப்போது கழற்றிச் சுத்தம் செய்துதான் ஆக வேண்டும். (நீர்த்த ஆசிட்டில் ஊறவைத்தால் கரைந்துவிடும். ஆனால் அதற்கு முன் ஒட்டியிருக்கும் ஹைப்போவைத் தண்ணீரில் நன்றாக அலசிவிட வேண்டும். இரண்டும் சந்தித்தால் கிளம்புவது குளோரின் வாயு.)

பம்ப் தள்ளுவது குறைந்ததும் குளத்துப் பணியாளர்கள் தங்களால் முடிந்ததைச் செய்திருக்கிறார்கள். தண்ணீர் பச்சையாகிவிடக் கூடாதே என்று தினமும் குளோரின் வில்லைகளைக் கூடையில் போட்டு வந்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த ட்ரைகுளோர் வில்லைகள் 10 பிபிஎம் குளோரின் கொடுத்தால் கூடவே 6 பிபிஎம் சயனூரிக் அமிலத்தையும் விட்டுச்செல்லும். ஸ்டெபிலைசர் என்பது இதுதான். வெயிலில் குளோரின் அழியாமல் காக்கும். 30 முதல் 50 பிபிஎம் வரை நல்லது. அதற்கு மேல் போனால் குளோரினை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேலை செய்ய விடாது. ஆவியாகாது, வடிகட்டியிலும் சிக்காது, சேர்ந்துகொண்டே போகும். தண்ணீர் கலங்கி அடியிலுள்ள கரும்புள்ளி மறையும் இடத்தை அளக்கும் சோதனைக் குழாயில் பார்த்தால் கோடு 100-ஐத் தாண்டிப் போய்விட்டது. பாதிக்குப் பாதி நல்ல தண்ணீர் கலந்து மறுபடி பார்த்து இரட்டித்ததில் 140 வந்தது.

இதனால் இன்னொரு குழப்பம். கன்ட்ரோலர் குளோரினை நேரடியாக அளப்பதில்லை. தண்ணீரின் ஆக்சிஜனேற்றத் திறனை ஓஆர்பி ப்ரோப் மூலம் மில்லிவோல்ட்டில் பார்க்கிறது. ஸ்டெபிலைசரும் பிஎச்சும் ஏறினால் அந்த எண் இறங்கும். நம் கன்ட்ரோலர் 700 மில்லிவோல்ட்டை எட்ட முடியாமல் மணிக்கணக்காக டோஸ் செய்து, நேரம் மீறியதாக அலாரம் அடித்திருக்கிறது. பராமரிப்புக்கு வந்தவர்கள் காரணத்தைத் தேடாமல் இலக்கை 600-க்கு இறக்கி அலாரத்தை அடக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். நோயாளி முனகுகிறார் என்று வாயைப் பொத்தியது போல.

இதுவரை சொன்னவை கண் எரிச்சல் சமாசாரம். அடுத்து வருவது உயிர் சமாசாரம், பொறுமையாகப் படியுங்கள்.

குளத்து நீரைச் சுற்றவிடும் சுழற்சி பம்ப் நின்றால், பிஎச்சை இறக்கும் ஆசிட்டையும் ஹைப்போவையும் செலுத்தும் இரண்டு டோசிங் பம்புகளும் உடனே நிற்க வேண்டும். அதற்காகக் குழாயில் ஃப்ளோ சுவிட்ச் என்ற சிறு துடுப்பு இருக்கிறது. தண்ணீர் ஓட்டம் நின்றால் அது விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். பேனலைத் திறந்தபோது அந்தச் சுவிட்சின் இரண்டு முனைகளையும் விரல் நீளத்தில் ஒரு சிவப்பு வயர் இணைத்திருந்தது. துடுப்பு எப்போதோ சிக்கிக்கொண்டிருக்கிறது. அடிக்கடி டோசிங் நிற்கிறது என்று யாரோ வயரைப் போட்டு ஏமாற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து தண்ணீர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இயந்திரத்துக்கு ஓடுவதாகவே தெரியும். பேக்வாஷுக்கோ (வடிகட்டியை எதிர்த்திசையில் தண்ணீர் விட்டுக் கழுவுவது) மின்தடைக்குப் பிறகோ சுழற்சி பம்ப் நின்றிருக்க, ஆசிட்டும் ஹைப்போவும் தேங்கிய குழாய்க்குள் சேர்ந்துகொண்டே இருந்தால் என்ன ஆகும்? பம்ப் மறுபடி கிளம்பும்போது குளோரின் வாயு திரண்டு, நீந்துகிறவர்கள் முகத்துக்கு நேராக உள்வரும் துவாரங்களில் குமிழியிடும். பல நாடுகளில் பொதுக் குளங்களில் இப்படி நடந்து, மூச்சுத்திணறி ஆட்கள் மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள். இங்கே நடக்காதது நம் அதிர்ஷ்டம்.

வயரைப் பிடுங்கிய அன்றே குளத்தை மூடினோம். அறிவிப்பில் 'பராமரிப்புப் பணி' என்று மட்டும் எழுதியதற்குக் கோபப்பட்டவர்களின் கோபம் நியாயமானது. காரணத்தை அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது பாதுகாப்பு இரண்டடுக்கு. புது ஃப்ளோ சுவிட்ச் ஒன்று. அதோடு டோசிங் பம்புகளுக்கான மின்சாரமே சுழற்சி பம்பை இயக்கும் மின்சுவிட்சான கான்டாக்டர் வழியாகத்தான் வருகிறது; அது நின்றால் இவற்றுக்குக் கரண்டே கிடையாது. முன்பு ஒரு சாண் இடைவெளியில் இருந்த இரண்டு இன்ஜெக்டர்களையும் ஒரு மீட்டருக்கு மேல் தள்ளிவைத்திருக்கிறோம். ஆசிட் கேன் ஒரு அறையிலும் ஹைப்போ கேன் இன்னொரு அறையிலும் இருக்கின்றன, தனித்தனி தொட்டியில். கேன்களை மாற்றி மாட்டிவிடாதபடி குழாய்களுக்கு இரு நிறம்.

மணல் வடிகட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அழுத்தம் சுத்தமான நிலையைவிட அரை பார் ஏறினால் பேக்வாஷ் செய்ய வேண்டும் என்பது விதி. நம் அழுத்தமானியின் முள் பம்ப்பை நிறுத்தினாலும் 0.8 பாரிலேயே நின்றது! மணல் கட்டிதட்டி, தண்ணீர் அதில் வாய்க்கால் போட்டு ஓடியிருந்தது. மணலையும் மானியையும் மாற்றினோம்.

சயனூரிக் அமிலத்தைக் குறைக்க நடைமுறையில் தண்ணீரை மாற்றுவதுதான் வழி. மூன்றில் இரண்டு பங்கை வெளியேற்றிப் புதுநீர் நிரப்பியதில் 140 என்பது 47-க்கு வந்தது. முழுக்கக் காலி செய்யாததற்குக் காரணம், நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்திருந்தால் வெற்றுக் குளத்தை அது கீழிருந்து தூக்கி விரிசல் விடச்செய்யும். மிச்சக் குளோராமைனை ஒருமுறை குளோரினை ஏற்றி முறித்தோம். அன்று மாலை சோதித்த பணியாளர் பதறிக்கொண்டு வந்தார், தனிக் குளோரின் சுத்தமாக இல்லை, இன்னும் போடட்டுமா என்று. சோதனையை எங்கள் எதிரிலேயே செய்யச் சொன்னோம். குப்பியில் சோதனை மாத்திரை விழுந்ததும் கண்ணிமைக்கும் நேரம் இளஞ்சிவப்பு, அப்புறம் நிறமே இல்லை. குளோரின் இல்லாமல் அல்ல, அளவுக்கு மீறி இருந்து நிறத்தையே வெளுத்துவிட்டது. பத்தில் ஒரு பங்காக நீர்த்துச் சோதித்ததும் உண்மை எண் வந்தது.

எங்கள் அவசரத்தால் வந்த ஒரு சறுக்கலையும் மறைக்கவில்லை. புது ப்ரோபுகளை மாட்டிய உற்சாகத்தில் அன்றிரவே தானியங்கியில் விட்டுவிட்டோம். காலையில் பிஎச் 6.9. நிரப்பிய தண்ணீரின் காரத்தன்மை 50 பிபிஎம்தான். 80-லிருந்து 120 வரை இருக்க வேண்டும். அது குறைந்தால் பிஎச் ஊஞ்சலாடும், ஒரு மடக்கு ஆசிட்டுக்கே சரிந்துவிடும். நம் 350 கனமீட்டர் குளத்துக்குச் சுமார் 24 கிலோ சோடியம் பைகார்பனேட்டைத் தவணை தவணையாகக் கரைத்து 90-க்குக் கொண்டுவந்தோம். ஆசிட்டைச் சிறு சொட்டுகளாகக் கொடுத்து, கலக்க நேரம் விட்டு, அளந்து, பிறகு அடுத்த சொட்டு என்று கன்ட்ரோலரையும் மாற்றியமைத்தோம். இதில் திறப்பு இரண்டு நாள் தள்ளிப்போனது.

அதன் பிறகும் பம்ப் கிளம்பும் ஒவ்வொரு முறையும் பிஎச் 0.3 குதித்தது. புது ப்ரோபையே சந்தேகித்து இன்னொன்று மாட்டினோம், அதுவும் குதித்தது. கடைசியில் பார்த்தால் ப்ரோப் கேபிள் பம்பின் மின்கேபிளோடு ஒரே குழாயில் ஓடுகிறது, பேனலின் எர்த் தளர்ந்து கிடக்கிறது. கேபிளைப் பிரித்து, எர்த்தை முறுக்கியதும் அடங்கியது.

இனி தினமும் இரண்டு முறை கை அளவும் திரை அளவும் பக்கத்தில் பக்கத்தில் எழுதப்படும். குளத்து வாசல் பலகையில் யாரும் பார்க்கலாம். இரண்டுக்கும் பிஎச்சில் 0.2-க்கு மேல் வித்தியாசம் வந்தால் ப்ரோப் இரு பஃபரிலும் சோதிக்கப்படும். பம்ப் டியூப் வருடம் ஒருமுறை, நன்றாக இருந்தாலும், மாற்றப்படும். சுழற்சி பம்ப்பை வேண்டுமென்றே நிறுத்தி டோசிங் நிற்கிறதா என்று வாராவாரம் பார்ப்பது குழு உறுப்பினர் ஒருவரின் நேரடிப் பொறுப்பு. இதைப் பணியாளரிடம் விடுவதில்லை என்று தீர்மானித்திருக்கிறோம். வில்லைகள் இனி வாங்கப்படாது.

ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. சமநிலைத் தொட்டியின் மிதவை வால்வு இன்னும் கசிகிறது. உதிரிபாகம் வந்ததும் ஒரு முற்பகல் குளம் மூடப்படும், இந்த முறை காரணத்தை எழுதியே அறிவிப்போம். செலவுக் கணக்கு ரசீதுகளோடு அலுவலகத்தில் இருக்கிறது. சிவப்பு வயரும் அதே கோப்பில்தான், ஒரு உறையில்.

நீச்சல்குளப் பராமரிப்புக் குழு