மார்ஃபினை நேரத்துக்குக் கொடுக்கக் கற்றுத்தந்தவர்களுக்கு நன்றி

கோழிக்கோட்டு நண்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1993-இல் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் தோழர்களும் வலி நிவாரணச் சங்கத்தைத் தொடங்கியபோது, நாட்டின் பெரும்பாலான மருத்துவமனைகளில் கடும் வலியைத் தணிக்கும் மார்ஃபின் மாத்திரையே கிடையாது. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து மருந்தகங்கள் அதை வாங்கி வைப்பதை விட்டிருந்தன. 2014-இல் சட்டம் திருத்தப்படும்வரை அதை வைத்திருக்கப் பல உரிமங்கள் தேவைப்பட்டன. ஒன்று காலாவதியானாலும் மற்றவை பயன்படாது. அத்தனைக்கும் நடுவில் மாத்திரையை நோயாளியின் கையில் கொடுத்து வீட்டுக்கே அனுப்பினீர்கள்.

உங்களிடம் கற்றதில் முதலாவது, கடிகாரம். ‘வலித்தால் கொடுக்கவும்’ என்று கேஸ் ஷீட்டில் எழுதினால், வலி முற்றிய பிறகுதான் நோயாளி கூப்பிடுவார். மார்ஃபின் இருக்கும் அலமாரியின் இரட்டைப் பூட்டுக்குச் சாவி வந்து, மாத்திரை வந்து, அது வேலைசெய்ய இன்னும் அரைமணி. அதனால் காலை 6, 10, பகல் 2, மாலை 6. இரவு 10-க்கு மட்டும் இரண்டு வேளை அளவு, தூக்கம் கெடாமலிருக்க. தொடக்கம் பெரும்பாலும் 5 மி.கி., அதாவது 10 மி.கி. மாத்திரையில் பாதி. மெலிந்த முதியவருக்குக் கால் மாத்திரை போதும். இடையில் வலி எழுந்தால் அதே ஒரு வேளை அளவு கூடுதலாக.

கூடவே முதல் நாளிலிருந்து மலமிளக்கி மாத்திரையான பிசகோடில். குமட்டலும் மயக்கமும் சில நாளில் பழகிவிடும், மலச்சிக்கல் பழகாது. வயிறு கட்டினால் நோயாளி மார்ஃபினையே நிறுத்திவிடுவார், வலி திரும்பிவிடும். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு மருந்தின் கழிவு உடம்பில் தேங்கும். ஓயாத தூக்கம், கைகால் வெட்டிவெட்டி இழுப்பு தெரிந்தால் அளவைக் குறைத்து இடைவெளியைக் கூட்ட வேண்டும். இதை நோய் முற்றியதன் அடையாளம் என்று நினைத்து விட்டுவிடும் வார்டுகள் உண்டு.

புற்றுநோய்ப் புண்ணுக்குக் கட்டுப்போடக் கற்றுத்தந்ததற்கும் நன்றி சொல்ல வேண்டும். ஒட்டிக்கொண்ட காஸ் துணியைச் சலைனில் ஊறவைத்தே எடுக்க வேண்டும். இழுத்தால் இரத்தம் கொட்டும். கிருமிகளைக் கொல்லும் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவினால் துர்நாற்றம் அடங்கும். அதற்குப் பிறகுதான் பல வீடுகளில் பேரப்பிள்ளைகள் கட்டிலருகே வருகிறார்கள். இவ்வளவு மலிவான மாத்திரை இவ்வளவு பெரிய வேலை செய்வது எங்களுக்கு இன்றும் வியப்புதான்.

நாங்கள் நன்றிக்கடன் பட்டிருப்பவர்கள் எங்கள் மருத்துவமனைகளிலும் இருக்கிறார்கள். இரண்டு மணிக்கொருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கும் ஆயாக்கள், இரவுப் பணிச் செவிலியர்கள், மாத்திரைக் கணக்கைப் பதிவேட்டில் எழுதும் மருந்தாளுநர்கள். நோய் முற்றியவர்களின் வலியையும் வேதனையையும் தணிக்கும் ஆதரவு சிகிச்சைக் குழு மாலையில் வீட்டுக்குப் போய்விடும். இரவு 10 மணி மாத்திரை இவர்கள் கையில்தான் இருக்கிறது.

மருந்தாளுநர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ் ஆகிறவருக்கு மூன்று நாள் மாத்திரை கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமை தீர்ந்துவிடும். அடுத்த ஓ.பி. நாள்வரை எண்ணி, இடையில் எழும் வலிக்கும் சேர்த்துக் கொடுங்கள்.

நன்றியுடன்,
தமிழ்நாட்டு ஆதரவு சிகிச்சைச் செவிலியர்களும் தொண்டர்களும்