தம்பிக்கு: அந்த ப்ராசசரை வாங்கலாமா, விடலாமா?

அன்புத் தம்பி,

நள்ளிரவில் நீ அனுப்பிய குரல் செய்தியைக் காலையில்தான் கேட்டேன். "அண்ணா, 5700எக்ஸ்3டி எங்கேயும் ஸ்டாக் இல்ல. ஒரே ஒருத்தர்கிட்ட இருக்கு. இப்ப எடுக்கலேன்னா அவ்வளவுதான்" என்று மூச்சுவிடாமல் பேசியிருந்தாய். இதே பதற்றத்தில் இன்னும் நாலைந்து பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். அதனால் உனக்கு எழுதுவதை எல்லாரும் படிக்கும்படியாகவே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

ப்ராசசரை மாற்று. ஆனால் நீ கேட்கிற 5700எக்ஸ்3டி சிப்பை வாங்காதே.

மாற்றத்தான் வேண்டும் என்பதற்கு முதல் காரணம் வேகம் அல்ல. உன்னிடம் இருப்பது ஏஎம்டி நிறுவனம் 2017-ல் வெளியிட்ட ரைசன் 5 1600 ப்ராசசர். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்கும் பட்டியலோ ரைசன் 2000 வரிசையில்தான் தொடங்குகிறது. குறுக்குவழியில் ஏற்றலாம்தான். வங்கி வேலையையும் அதே கணினியில் பார்க்கிற உனக்கு அந்தக் குறுக்குவழியை நான் சொல்லமாட்டேன்.

ஒரு விஷயத்தில் நீ அதிர்ஷ்டக்காரன். பொதுவாக இரண்டு தலைமுறைக்குள் மதர்போர்டும் பழசாகிவிடும். உன் போர்டில் ப்ராசசர் உட்காரும் ஏஎம்4 சாக்கெட் அப்படியில்லை. முதல் ரைசனும் 2020-ல் வந்த ரைசன் 5000 வரிசையும் அதே 1331 துளைகளில்தான் உட்காருகின்றன. உன் பி350 போன்ற பழைய போர்டுகளுக்கும் 2022-ல் ஏஎம்டி வழி திறந்துவிட்டது. போர்டை இயக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்தால் போதும்.

"கடைசி வாய்ப்பு" என்ற பேச்சில் நானும் ஒருமுறை விழுந்தவன். என் பழைய கணினியில் இன்டெல் ஐ5 3470 இருந்தது, 1155 சாக்கெட். அதற்குப் பொருந்துவதில் நல்லது ஐ7 3770. நாலு கோர்தான் (வேலை செய்யும் மூளைகள் என்று வைத்துக்கொள்), ஆனால் எட்டு த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் எட்டு வேலை. அது கிடைக்காமல் போய்விடும் என்று எல்லாரும் சொல்ல, அலைந்து திரிந்து செகண்ட் ஹேண்டில் ஒன்றை வாங்கிப் போட்டேன். எட்டு மாதம் ஓடியது. ஒருநாள் காலை பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் மட்டும் சுற்றுகிறது, திரையில் ஒன்றுமில்லை. போயிருந்தது போர்டு. அப்புறம்தான் புரிந்தது: அந்த சாக்கெட்டுக்கு ப்ராசசர் வேண்டுமளவு கிடைக்கிறது, நல்ல போர்டுதான் கிடைப்பதில்லை. ப்ராசசர் அவ்வளவு எளிதில் சாகாது. கெப்பாசிட்டர் வீங்கும், மின்சாரம் பிரித்துக்கொடுக்கும் பகுதி கருகும், ரேம் ஸ்லாட் மக்கர் பண்ணும். எல்லாமே போர்டில் இருக்கிறவை. அந்த ஐ7 இன்னும் என் மேசை டிராயரில், பளபளவென்று, வேலையில்லாமல் கிடக்கிறது.

ஆகவே 2017-ல் வாங்கிய போர்டின்மேல் எவ்வளவு பணத்தை ஏற்றலாம் என்பதை முதலில் யோசி. எந்த சாக்கெட்டாக இருந்தாலும் அதன் உச்சத்தில் இருக்கும் சிப்பின் விலை லேசில் இறங்காது, ஏனென்றால் உன்னைப்போல எல்லாருக்கும் அது ஒன்றுதான் கண்ணில் படும். 2022-ல் வந்த 5800எக்ஸ்3டிக்கும் அதுவே நடந்தது: கையிருப்பு தீரத் தீர, விலை குறைவதற்குப் பதில் ஏறியது. அதற்கு இரண்டு படி கீழே இருப்பதை யாரும் துரத்துவதில்லை.

போன முறை உன் கணினியில் உட்கார்ந்தபோது கவனித்தேன். நீ விளையாடும்போது கிராபிக்ஸ் கார்டு 98 சதவீதத்திலேயே நின்றது. உன் ஆர்எக்ஸ் 580 கார்டுக்கு மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். எக்ஸ்3டி சிப்பின் பெருமையே, ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகமான கேஷை, வழக்கமான 32 எம்பியின்மேல் இன்னொரு 64 எம்பியை அடுக்கி 96 எம்பி ஆக்கியதுதான். கார்டு வேகமாக இருந்து ப்ராசசர் பின்தங்கினால் அது அற்புதம். உன் கார்டோடு அதைச் சேர்த்தால் அந்தக் கூடுதல் கேஷின் பலன் பெரிதாகத் தெரியாது.

என் பேச்சை நம்ப வேண்டாம், நீயே சோதித்துப் பார். விளையாட்டின் ரெசல்யூஷனை 1080-லிருந்து 720-க்கு இறக்கு. நொடிக்கு இத்தனை என்று காட்டும் ஃபிரேம் எண்ணிக்கை எகிறினால் கார்டுதான் தடை. அசையாமல் நின்றால் ப்ராசசர். டாஸ்க் மேனேஜரில் மொத்தச் சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதே. 12 த்ரெட்டில் ஒன்று முழுதாகத் திணறினாலும் மொத்தத்தில் அது 8 சதவீதமாகத்தான் தெரியும். ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனிக் கட்டம் காட்டும்படி மாற்றிவிட்டுப் பார்.

கூட்டம் அதிகமான காட்சிகளில் விட்டு விட்டு ஓடுகிறது என்றாயே, அது பெரும்பாலும் ப்ராசசரின் குற்றம்தான். அதற்கு, நான் சொன்ன கீழ்ப்படியில் இருக்கும் ரைசன் 5 5600 போதும். அதே ஆறு கோர், 12 த்ரெட். ஆனால் 3.6 கிகாஹெர்ட்ஸ் வரை போனது 4.4 வரை போகும். உன் 1600-ல் ஆறு கோர்களும் மூன்று மூன்றாகப் பிரிந்து ஆளுக்கு 8 எம்பி கேஷ் வைத்திருக்கின்றன; 5600-ல் ஆறும் ஒரே 32 எம்பியைப் பகிர்கின்றன. எனக்கு அதைவிடப் பிடித்த விஷயம், மின்சாரத்திலும் சூட்டிலும் இரண்டுமே 65 வாட் ரகம். வயதான போர்டுக்குப் புதுச் சுமை இல்லை. நீ கேட்கிற சிப் 105 வாட்.

ஏஎம்4-க்கு அடுத்து வந்த ஏஎம்5 சாக்கெட்டுக்கே போய்விட்டால் என்ன என்று கேட்பாய். போர்டு மாறும், ரேமும் டிடிஆர்5 ஆகவேண்டும். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிய ஏற்றத்தில் அது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதை. உன் 16 ஜிபி டிடிஆர்4-ஐ இப்போது பத்திரமாக வைத்துக்கொள்.

மாற்றுவதற்கு முன் சில வேலைகள் இருக்கின்றன. போர்டு நிறுவனத்தின் பட்டியலில் 5600 இருக்கிறதா, எந்த பயாஸ் பதிப்பிலிருந்து என்று பார். பழைய ப்ராசசர் உள்ளே இருக்கும்போதே பயாஸை ஏற்றிவிடு. கழற்றிய பிறகு யோசித்துப் பயனில்லை. டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கரைப் போட்டிருந்தால் அதை நிறுத்திவை, மீட்புச் சாவியையும் காகிதத்தில் எழுதி வை. அதற்கான பாதுகாப்புப் பகுதி ப்ராசசருக்குள்ளேயே இருக்கிறது. சிப் மாறினால் டிஸ்க் உன்னை அந்நியனாகப் பார்க்கும்.

கடைசியாக, ப்ராசசரின் மேல் உட்கார்ந்து சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க். பழைய தெர்மல் பேஸ்ட் இறுகிப் பசைபோலப் பிடித்திருக்கும். நேராகத் தூக்கினால் பூட்டியிருக்கும் சாக்கெட்டிலிருந்தே ப்ராசசரும் கூடவே பிய்த்துக்கொண்டு வரலாம், பின்கள் வளையலாம். பத்து நிமிடம் கணினியைச் சூடாக ஓட்டி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மெல்ல இடமும் வலமுமாகத் திருகிக் கழற்று.

அந்த ஒருத்தருக்கு இன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிடு. போர்டின் மாடல் எண்ணும் இப்போதைய பயாஸ் பதிப்பும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்பு. கழற்றுகிற அன்றைக்கு எனக்கு வீடியோ கால் போடு.

அன்புடன்,
அண்ணன்